நோட்ஸில் விழுந்துபோன இரண்டு ‘போல்’

நவம்பர் வந்தால் டெல்டாவில் மழையும் செமஸ்டரும் சேர்ந்தே வரும். புயல் சின்னம் என்று இரண்டு நாள் விடுமுறை, வாய்க்கால் நிரம்பி ஊருக்குள் தண்ணீர் வந்துவிட்டால் இன்னும் இரண்டு நாள். அலகு 4, அலகு 5 வகுப்பில் தொடாமலே போய்விடும். அந்த வாரத்தில்தான் கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர் என்று கல்லூரி இருக்கிற ஊர்களின் ஜெராக்ஸ் கடைகளில் ஸ்பைரல் போட்ட நோட்ஸ் நன்றாக விற்கும். வேதாரண்யம் பக்கமிருந்து காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிற பிள்ளை, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளை, அதை வாங்கிக்கொண்டு போய் இரவெல்லாம் மனப்பாடம் செய்கிறது. அது ஏமாற்று வேலையா என்று ஆசிரியர்களே ஆளுக்கொன்றாகப் பேசுகிறார்கள்.

ஏமாற்று இல்லை. இதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சட்டைக் கையில் பிட்டு மடித்து எடுத்துப் போவது முறைகேடு, பிடிபட்டால் தாள் போகும். நோட்ஸைப் படித்துத் தலையில் ஏற்றிக்கொண்டு போய் எழுதுவதற்குத் தடை சொல்லும் விதி எந்தத் தேர்விலும் இல்லை. ஆசிரியர் கரும்பலகைக்கு முன்னால் நின்று வரிவரியாகச் சொல்லி எழுத வைப்பதும் நோட்ஸ்தானே? அது நேர்மை, அச்சடித்தது மட்டும் குற்றம் என்றால் எப்படி?

அசைன்மென்ட் வேறு கதை. இன்டர்னல் 25 மதிப்பெண்ணில் அதற்கும் பங்கு உண்டு. அதில் உங்கள் பெயரை எழுதி, ‘இது என் உழைப்பு’ என்று கொடுக்கிறீர்கள். நோட்ஸின் நான்கு பக்கத்தை அப்படியே பெயர்த்து எழுதிக் கொடுத்தால் அது திருட்டுதான், மழுப்ப வேண்டியதில்லை. எடுத்த இடத்தைக் கடைசி வரியில் குறித்துவிட்டால் திருட்டு நீங்கும். ஆனாலும் பாதி உழைப்பு உங்களுடையதாக இருக்க வேண்டும்.

தமிழில் படிப்பு என்பதே உரையோடு நடந்த காரியம். திருக்குறளைப் பரிமேலழகர் கையைப் பிடிக்காமல் படித்தவர் நூற்றில் ஒருவர் இருப்பாரா? பதவுரை, பொழிப்புரை, விளக்கவுரை, குறிப்புரை, அரும்பதவுரை என்று உரைக்கே இத்தனை வகை வைத்திருக்கிறோம். பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்த கோனார் நோட்ஸும் ‘உரை’ என்ற பெயரில் வந்ததுதான். அதன் பெயருக்குரிய ஐயம்பெருமாள் கோனார் திருச்சியில் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். உரை வைத்துப் படிப்பது நம் மரபுக்கு அந்நியம் அல்ல.

உரை என்ன வேலை செய்ய வேண்டும் என்பதற்குக் கும்பகோணத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1880இல் உ.வே.சாமிநாதையர் அங்கே அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த ஊர் முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அது வரை படித்ததில்லை. பிறகு சிந்தாமணியையும் நச்சினார்க்கினியர் உரையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, உரைகாரர் மேற்கோள் காட்டும் வரிகள் எந்த நூலில் இருக்கின்றன என்றே தெரியவில்லை. அந்த வரிகளைத் தேடிப் போய்த்தான் சங்க நூல்களின் ஏட்டுக்கட்டுகளுக்குள் நுழைந்தார். சமணக் கருத்து புரியாத இடங்களில் ஊரிலிருந்த சமணர்களிடமே போய்க் கேட்டார். சிந்தாமணி 1887இல் அச்சேறியது. அவருக்கு உரை வாசற்படியாக இருந்தது. ஜெராக்ஸ் கடை நோட்ஸ் பிள்ளையை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிடுகிறது. நோட்ஸ் மேல் இருக்கிற குறையெல்லாம் இதில் அடங்கும்.

கதவு எப்படிச் சாத்தப்படுகிறது என்று ஓரிடத்தில் நிறுத்திப் பார்க்கலாம். சிலப்பதிகாரம், புகார்க் காண்டம், ஏழாவதாக வரும் கானல்வரி. இந்திர விழா முடிந்து புகார்க் கடற்கரையில் கோவலனும் மாதவியும் இருக்கிறார்கள். யாழ் முதலில் கோவலன் கைக்குப் போகிறது. நோட்ஸில் இந்தப் பகுதி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ‘கோவலன் வேறு ஒருத்தியை நினைத்துப் பாடினான். மாதவியும் வேறு ஒருவனை நினைத்துப் பாடினாள். கோவலன் சினந்து பிரிந்தான். இதுவே பிரிவுக்குக் காரணம்.’ நான்கு வரி. தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வி இதில்தான் வரும்.

இப்போது மூலம். கோவலன் காவிரியைப் பார்த்துப் பாடுகிறான்:

திங்கள் மாலை வெண்குடையான்
சென்னி செங்கோல் அதுஓச்சிக்
கங்கை தன்னைப் புணர்ந்தாலும்
புலவாய் வாழி காவேரி

சோழன் கங்கையைச் சேர்ந்தாலும் நீ ஊடமாட்டாய், அப்படி ஊடாமல் இருப்பதுதான் பெண்ணின் பெருங்கற்பு என்று அறிந்தேன் என்று பாட்டு முடிகிறது. பாடுகிறவன் யார் என்று நினைத்துப் பாருங்கள். வீட்டில் கண்ணகியை விட்டுவிட்டு வந்தவன். ‘புலவாய்’ என்ற ஒரு சொல்லில் அவனுடைய சௌகரியம் முழுவதும் இருக்கிறது. அடுத்து இளங்கோவடிகள் எழுதுகிறார்:

மன்னும்ஓர் குறிப்புஉண்டு இவன்தன் நிலைமயங்கினான்எனக்
கலவியால் மகிழ்ந்தாள்போல் புலவியால் யாழ்வாங்கித்
தானும்ஓர் குறிப்பினள்போல்

இரண்டு ‘போல்’. மகிழ்ந்தாள் என்றில்லை, மகிழ்ந்தாள்போல். குறிப்பினள் என்றில்லை, குறிப்பினள்போல். மாதவி மனத்தில் வேறு யாரும் இல்லை. இருப்பதுபோல் பாடினாள், அவ்வளவுதான். அவளும் அதே காவிரியை அழைத்தே பதில் சொல்கிறாள்: நீ இப்படி நடந்து வருவதெல்லாம் உன் கணவனின் திருந்திய செங்கோல் வளையாமையால்தான் என்று அறிந்தேன். அவன் பெண்ணுக்கு வைத்த சட்டத்தை அவள் ஆணின் பக்கம் திருப்பி வைக்கிறாள். கோவலனுக்கு அந்தப் ‘போல்’ கேட்கவில்லை. ‘மாயப்பொய் பலகூட்டும் மாயத்தாள்’ என்று நினைத்துக்கொண்டு எழுந்து போகிறான். அந்த இடத்தில் ஆசிரியர் ‘ஊழ்வினை வந்து உருத்தது’ என்கிறார். நூல் தொடக்கத்துப் பதிகத்தில் முன்பே அறிவித்த ‘ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும்’ என்பது இங்கேதான் முதல் அடி எடுத்து வைக்கிறது.

நோட்ஸ் எழுதியவர் அந்த இரண்டு ‘போல்’களையும் விட்டுவிட்டார். விட்டதால் மாதவி மேல் ஒரு பொய்ப் பழி விழுந்தது. அதைப் படித்த பிள்ளைகள் தாளில் அதையே எழுதுகிறார்கள், ஆண்டுக்கு ஆண்டு. இது மதிப்பெண் கணக்கோடு நிற்கிற விஷயம் இல்லை. காவிரி கடலில் கலக்கிற இடத்தில் பிறந்த பிள்ளைக்கு, அங்கே நடந்த கதை தப்பாகப் போய்ச் சேருகிறது. மனசு ஆறவில்லை.

அதே கானல்வரியில் ‘உழவர் ஓதை மதகுஓதை உடைநீர் ஓதை’ என்று ஒரு வரி உண்டு. நோட்ஸில் ‘காவிரியின் வளம் கூறப்படுகிறது’ என்று இருக்கும். மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும் நாளில் மதகடியில் நின்றிருக்கிற பிள்ளைக்கு அந்த மூன்று ஓசையும் தனித்தனியாகத் தெரியும். சென்னையில் படிக்கிறவருக்கு அகராதி தேவைப்படும் இடத்தில் டெல்டாப் பிள்ளைக்குக் காது போதும். அந்தச் சொத்தைக் கையில் வைத்துக்கொண்டு ‘வளம்’ என்று ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டு வருவது பெரிய நஷ்டம்.

விடைத்தாள் திருத்தும் மேசைக்கு நோட்ஸ் எப்படித் தெரிகிறது? ஒரே கட்டில் பத்துப் பதினைந்து தாள் ‘இலக்கியம் காலம் காட்டும் கண்ணாடி’ என்று தொடங்கும். ஒரே மேற்கோள், ஒரே எழுத்துப் பிழையோடு, வரிசையாக வரும். ‘அறம்’ எல்லாத் தாளிலும் ‘அரம்’ ஆகியிருந்தால் அச்சுப்பிழையை மனப்பாடம் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இதற்காக யாரும் பூஜ்யம் போடுவதில்லை. விடைக்குறிப்பில் உள்ள கருத்து இருந்தால் பத்துக்கு ஐந்தோ ஆறோ விழும். எட்டுக்கு மேல் போகாது. கேள்வியை ஒரு சொல் திருப்பிக் கேட்டால் அதுவும் இல்லை. ‘கோவலன் பிரிவுக்குக் காரணம் என்ன’ என்பது ‘கானல்வரியில் மாதவியின் நிலையை விளக்குக’ என்று வந்தால், மனப்பாடக்காரர் கோவலன் பிறப்பிலிருந்து கதை சொல்லத் தொடங்குவார். நான்கு பக்கம் நிறையும், மாதவி கடைசி அரைப் பக்கத்தில் வருவாள். ‘இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக’ கேள்வியில் இன்னும் வேகமாகக் குட்டு உடையும். இடம், பொருள், விளக்கம் என்று மூன்றாகப் பிரித்து எழுத வேண்டிய விடை அது. யார் யாரிடம் எந்தச் சூழலில் சொன்னது என்பது மூலத்தைப் புரட்டியவருக்கே கைவரும்.

மனப்பாடத்தைக் குறை சொல்லவில்லை. எதை மனப்பாடம் செய்வது என்பதில்தான் கணக்கு. நோட்ஸ் விடை நான்கு பக்கம் ஒரே ஒரு கேள்விக்கு உதவும். கானல்வரியின் இருபது வரியை மனப்பாடம் செய்தால் மாதவி, கோவலன், ஊழ்வினை, காவிரி, வரிப்பாடல், இளங்கோவின் கதை சொல்லும் திறன் என்று ஆறு கேள்விக்குக் கை கொடுக்கும். நேரமும் குறைவாகவே பிடிக்கும், ஏனென்றால் செய்யுளுக்கு ஓசை உண்டு. உரைநடை நோட்ஸுக்கு அது கிடையாது, மூன்றாம் நாளே மறந்துபோகும்.

நடைமுறைக்கு ஒரு வழி. ஒரு செய்யுள் பகுதிக்கு மொத்தம் ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். முதல் 20 நிமிடம் நோட்ஸ் மூடியே இருக்கட்டும். மூலத்தை வாய்விட்டு இரண்டு முறை படிக்கவும். இரண்டாம் முறை பென்சிலால் சீர்களைப் பதம் பிரித்துக் கோடு போடவும். தெரியாத சொல்லுக்கு அடிக்கோடு, பத்துக்கு மேல் வேண்டாம். இந்தப் படியில்தான் நிறையப் பேர் கைவிடுகிறார்கள். புரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் நின்று அகராதி தேடினால் மூன்றாவது வரியிலேயே சலித்துவிடும். நிற்காமல் கடைசி வரை போய்விட வேண்டும். அடுத்த 10 நிமிடம், புரிந்தவரை மூன்று வரி சொந்த நடையில், கொச்சையாக இருந்தாலும் சரி, எழுதவும். யார் பேசுகிறார், யாரிடம், ஏன் என்பது அதில் இருந்தால் போதும்.

அதற்குப் பிறகு நோட்ஸைத் திறக்கலாம். 25 நிமிடம். நோட்ஸின் ஓரத்தில் மூன்று குறிகள் மட்டும் போடவும்: நீங்கள் எழுதியதோடு ஒத்துப்போனால் ஒரு டிக், மாறுபட்டால் கேள்விக்குறி, உங்களுக்குத் தோன்றாதது இருந்தால் ஒரு நட்சத்திரம். கேள்விக்குறி போட்ட ஒவ்வோர் இடத்துக்கும் மூலத்துக்குத் திரும்பிப் போய் எந்தச் சொல் உங்களை அப்படி நினைக்க வைத்தது என்று பார்க்கவும். பாதி இடங்களில் நீங்கள் தவறாகப் படித்திருப்பீர்கள், நோட்ஸ் திருத்தும். மீதியில் நோட்ஸ் எதையாவது விழுங்கியிருக்கும். எது எது என்று பிரித்தறிவதுதான் இலக்கியப் படிப்பு, வேறொன்றும் இல்லை. கடைசி 20 நிமிடம் ஐந்து மதிப்பெண் விடை ஒன்று, இரண்டையும் மூடி வைத்துவிட்டு. அன்றைக்கே எழுதுவதைவிட மறுநாள் எழுதினால் நல்லது. ஒரு இரவு தூங்கி எழுந்த பிறகும் நிற்பதுதான் தேர்வு அறைக்கு வரும்.

மூலம் எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்குச் சாக்கே இல்லை. பள்ளிப் பாடநூல் அரசே இலவசமாகப் பதிவிறக்கக் கொடுக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்தில் சங்க இலக்கியமும் காப்பியங்களும் உரையோடு உள்ளன. மதுரைத் திட்டம் (Project Madurai) என்ற இணையதளத்தில் மூலம் மட்டும் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். மழைக்கு மின்சாரம் போகிற ஊர்களில் போனை நம்பாமல், உங்கள் பாடப்பகுதியை மட்டும் அக்டோபரிலேயே ஜெராக்ஸ் எடுத்து வைக்கவும். நோட்ஸ் கொடுக்கிற அதே கடைக்காரர் மூலத்தையும் எடுத்துத் தருவார்.

நோட்ஸ் வாங்கும் முன் கடையில் நின்றபடியே ஐந்து இடம் பார்க்கலாம். ஒரு மேற்கோளை மூலத்தோடு ஒப்பிடவும். பாடலாசிரியர் பெயர், பாடல் எண் சரியா? அகப்பாட்டு என்றால் தலைவி கூற்றா தோழி கூற்றா என்பது சரியா, ஏனெனில் அதிகமாகப் பிசகுவது அங்கேதான். பாடத்திட்டம் புதியதா, பழைய அலகுக்குப் புது அட்டை போட்டிருக்கிறார்களா? ஐந்தாவதாக, ‘உரையாசிரியர் கூறுவார்’ என்று எழுதியிருந்தால் எந்த உரையாசிரியர் என்று பெயர் இருக்கிறதா? குறளில் மணக்குடவரும் பரிமேலழகரும் மாறுபடும் இடங்களில் பெயர் இல்லாத உரை எதற்கும் உதவாது. கானல்வரிக்கு, சிலம்பின் பழைய உரைகாரரான அடியார்க்குநல்லாரின் உரை கிடைக்கவே இல்லை, பழைய உரைகளில் அரும்பதவுரைதான் உண்டு. அடியார்க்குநல்லார் கானல்வரிக்கு இன்ன விளக்கம் தருகிறார் என்று ஒரு நோட்ஸ் சொன்னால் அதை அங்கேயே வைத்துவிட்டு வரலாம். ஐந்தில் இரண்டு பிசகினால் வாங்க வேண்டாம்.

போனில் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு விடை வாங்குவதும் இப்போது நோட்ஸ் கணக்கில் சேர்ந்துவிட்டது. அதில் ஓர் ஆபத்து கூடுதல். சங்கப் பாட்டுபோல ஒலிக்கிற, எந்த ஏட்டிலும் இல்லாத வரியை மேற்கோளாகக் கொடுத்துவிடும். மூலத்தில் விரல் வைத்துக் காட்ட முடியாத வரியை விடையில் எழுதவே கூடாது.

பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறவர்களுக்கு இந்த வரிசை பொருந்தாது. நானூறு வருஷத்துக்கு முந்தைய நாடக ஆங்கிலத்தை நாகப்பட்டினத்துப் பிள்ளை முதல் பார்வையிலேயே படித்துக்கொள்ளட்டும் என்பது நியாயமில்லை. அவர்கள் கதைச் சுருக்கத்தை ஒரே ஒரு பக்கம் முதலில் படிக்கலாம். பிறகு மூலத்தில் முதல் காட்சி, முக்கியமான இரண்டு காட்சி, கடைசிக் காட்சி. பாத்திர ஆய்வு, கருப்பொருள் என்று நோட்ஸ் எழுதியிருப்பதைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். அதை முதலில் படித்துவிட்டால் மூலத்தில் அது மட்டுமே கண்ணுக்குப் படும்.

மூன்றே நாள் இருக்கிறது, ஐந்து அலகும் அப்படியே கிடக்கிறது என்றால் நோட்ஸைத்தான் எடுக்க வேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை. 75 மதிப்பெண் தாளில் இரண்டு மதிப்பெண் கேள்வி பத்துக்கும் நோட்ஸே போதும்: ஆசிரியர், காலம், தொகை நூல், பெயர்க்காரணம். ஒவ்வோர் அலகிலும் ஒரே ஒரு மூலப் பகுதி, பத்து வரி, அதை மட்டும் மேலே சொன்னபடி படிக்கவும். ஐந்து அலகுக்கு ஐம்பது வரி. பத்து மதிப்பெண் விடை மூன்றிலும் இந்த ஐம்பதிலிருந்து இரண்டிரண்டு வரி நுழைந்தால் அந்தத் தாள் கட்டில் தனியாகத் தெரியும். தேர்வு அறையில் கடைசி பத்து நிமிடம் மேற்கோள்களை மட்டும் திரும்பப் பார்க்கவும். சொல் சந்தேகமாக இருந்தால் மேற்கோள் குறியை அடித்துவிட்டு ‘என்னும் கருத்துப்பட’ என்று சேர்த்துவிடுங்கள். தப்பான மேற்கோளைவிட நேர்மையான பொழிப்பு மேல்.

பிள்ளைகளை மட்டும் நிறுத்தி வைத்துக் கேட்பதும் சரியில்லை. ஐந்தாறு ஆண்டு கேள்வித்தாளை அடுக்கி வைத்துப் பார்த்தால் அதே கேள்வி அதே சொல்லில் திரும்பத் திரும்ப வருகிற பாடங்கள் இருக்கின்றன. நோட்ஸ் அச்சடிப்பவர் அதைத்தான் எண்ணி ‘முக்கிய வினா’ என்று கட்டம் கட்டுகிறார். கேள்வி எடுக்கிறவர்கள் தாளுக்கு இரண்டு கேள்வியாவது, பாடலின் நான்கு வரியை அச்சிட்டுக் கொடுத்து அதிலிருந்து கேட்கட்டும். வரி கண்ணெதிரே இருக்கும்போது மனப்பாடத்துக்கு வேலை இல்லை, படித்த பிள்ளை முன்னே வரும்.

தேர்வு முடிந்ததும் அந்த ஸ்பைரல் நோட்ஸ் ஜூனியருக்குப் போகும். அதுதான் வழக்கம், நல்ல வழக்கமும்கூட. கொடுக்கும்போது ஓரத்துப் பென்சில் குறிகளை அழிக்காதீர்கள். டிக்கும் கேள்விக்குறியும் நட்சத்திரமும் அப்படியே இருக்கட்டும். கானல்வரிப் பக்கத்தில் ‘மகிழ்ந்தாள்’, ‘குறிப்பினள்’ இரண்டுக்கும் பக்கத்தில் ‘போல்’ என்று சின்னதாக எழுதிச் சேர்த்துவிட்டுக் கொடுங்கள்.